கரன்ட் வந்ததும் பெல்ட் சாண்டர் தானாக ஓடிவிட்டது, இனி இதைத் தொடலாமா?

ஊஞ்சல்பலகை, மல்லேஸ்வரம்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், நேற்று நடந்ததிலிருந்து மனம் இன்னும் அடங்கவில்லை.

கும்பகோணத்தில் பாட்டி வீட்டை விற்றபோது அங்கே தொங்கிய ஊஞ்சல் பலகையை நான் பெங்களூருக்குக் கொண்டுவந்தேன். தேக்கு. ஐந்தடி நீளம், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒன்றரை அங்குல கனம், இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். மேலே பிரவுன் எனாமல், அது உரிந்த இடங்களில் கீழே பச்சை, அதற்கும் கீழே ஏதோ பழைய வார்னிஷ். நான் சிறுமியாக இருந்தபோது அது பச்சையாகத்தான் இருந்தது. இதையெல்லாம் இழைத்து எடுத்து, மரத்தின் நிறத்துக்கே கொண்டுவந்து, என் வீட்டில் தொங்கவிட வேண்டும்.

எஸ்பி ரோட்டில் பழைய பெல்ட் சாண்டர் ஒன்று வாங்கினேன், உப்புத்தாள் பட்டை சுற்றி ஓடி மரத்தை இழைக்கும் மிஷின். நான்கு அங்குல பெல்ட், எடை ஆறு கிலோ பக்கம் இருக்கும், கூடவே ஐந்து பழைய பெல்ட்டும் கொடுத்தார்கள். பால்கனியில் இரண்டு ஸ்டூல் போட்டு, அதன்மேல் பலகையை வைத்து, 60 நம்பர் பெல்ட் (நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம்) மாட்டி ஓட்டினேன். முதல் நாள் ஒரு பிரச்சினையும் இல்லை, பெயின்ட் அப்படியே பொடியாக வந்தது. டிரிகரை அழுத்தி அழுத்திக் கை வலித்ததால் பக்கத்தில் இருக்கும் லாக் பட்டனைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை மழை பிடித்ததும் கரன்ட் போய்விட்டது. மிஷின் நின்றது, நானும் அதை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். லாக் போட்டிருப்பது நினைவில் இல்லை, பிளக்கைப் பிடுங்கவும் தோன்றவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கரன்ட் வந்தபோது பால்கனியில் ஒரு பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மிஷின் பலகையின் முனைவரை ஓடிக் கீழே விழுந்து, தரையில் துள்ளிக்கொண்டு, தன் ஒயரையே இழுத்துக்கொண்டு சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தேன். இரண்டு டைல்ஸ் உடைந்திருக்கிறது. என் நான்கு வயது மகள் கொஞ்ச நேரம் முன்புவரை அதே இடத்தில் உட்கார்ந்து மரத்தூளில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அஜ்ஜி அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார், அதனால்தான் தப்பித்தாள்.

வீட்டில் அவர் மிஷினை விற்றுவிட்டு ஆசாரியிடம் கொடுத்துவிடலாம் என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பலகையை என் கையால்தான் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இது வீட்டில் வைத்து ஓட்டக்கூடிய மிஷின்தானா? மறுபடி தொடுவதாக இருந்தால் எங்கிருந்து சரிசெய்துகொண்டு வர வேண்டும்? பலகையும் ஒரு தடவை என் வயிற்றை நோக்கி நழுவி வந்தது, அது ஏன் என்றும் புரியவில்லை. இரண்டு நாளாக இருமலும் இருக்கிறது, துணிமாஸ்க் போட்டுத்தான் செய்தேன்.

கரன்ட்கம்பி, ஸ்ரீராமபுரம்

முதலில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

அக்கா, மிஷின் பழுது இல்லை. லாக் போட்ட நிலையில் கரன்ட் போனால் உள்ளே ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருக்கும், கரன்ட் திரும்பியதும் ஓடத்தான் செய்யும். மரப்பட்டறைகளில் பெரிய மிஷின்களுக்கு ஸ்டார்ட்டர் வைத்திருப்பார்கள், கரன்ட் போனால் அது விழுந்துவிடும், மறுபடி பச்சை பட்டனை அழுத்தினால்தான் ஓடும். கையில் பிடிக்கும் மிஷின்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அதனால் கரன்ட் போன அந்த நொடியே இரண்டு வேலை: டிரிகரை ஒரு தடவை முழுக்க அழுத்தி விடுங்கள், லாக் தெறித்து வெளியே வந்துவிடும். அடுத்தது, பிளக்கைப் பிடுங்குங்கள். நம் ஊரில் மழைக்காலத்தில் ஒரு மாலைக்கு மூன்று தடவை கரன்ட் போகும், இது பழக்கமாக வேண்டும்.

பழைய மிஷின் என்கிறீர்கள், அதனால் இன்னொன்றையும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு டிரிகரை அழுத்தி, லாக்கைப் போட்டு, மறுபடி அழுத்தி விட்டுப் பாருங்கள். பட்டன் பட்டென்று வெளியே வர வேண்டும். மரத்தூள் அடைத்துச் சோம்பலாக வந்தால் அந்த ஸ்விட்சை மாற்றாமல் ஓட்டாதீர்கள். கீழே விழுந்த மிஷின் என்பதால் ஒயர் உடம்புக்குள் நுழையும் இடத்தில் வெட்டு இருக்கிறதா, பாடியில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவது கூடவே கூடாது, ஒயரையே மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எது? டிவிக்கு வைக்கும் மெல்லிய ஒயர் என்றால் வேண்டாம். இந்த அளவு மிஷின் 1000 முதல் 1200 வாட்ஸ், அதாவது நம் 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் பக்கம் இழுக்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்குங்கள், சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள், சுருளிலேயே ஓட்டினால் உள்ளே சூடாகும். வீட்டு மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள், அதில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். பால்கனியில் மழைச் சாரல் அடித்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

பட்டறைக்காரன், காமாட்சிபாளையா

ஏம்மா, இருபத்திரண்டு வருஷமாக இந்த மிஷினைப் பிடிக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். வீட்டில் ஓட்டலாம். ஆனால் நீ வாங்கியது முதல் மிஷினாக வாங்க வேண்டியது இல்லை.

நான்கு அங்குல மிஷின் பெரிய சாப்பாட்டு மேஜை, கதவு என்று நாளெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு. உதாரணத்துக்கு மகிட்டாவில் 9403 என்று ஒன்று இருக்கிறது, 100க்கு 610 மில்லிமீட்டர் பெல்ட், 5.7 கிலோ, பெல்ட் நிமிடத்துக்கு 500 மீட்டர் ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள். அதே கம்பெனியில் 9911 மூன்று அங்குல பெல்ட், 2.7 கிலோதான், வேகத்தை 75 மீட்டர்வரை குறைத்துக்கொள்ளலாம். புதுக் கைக்கு வேகம் குறைக்கிற வசதி உள்ள சின்ன மிஷின்தான் நல்லது. சரி, வாங்கியாகிவிட்டது, அதை வைத்தே சொல்கிறேன்.

பலகை வயிற்றை நோக்கி வந்தது ஏன் என்று கேட்டாய். பெல்ட்டின் அடிப்பாகம் முன்னாலிருந்து பின்னால், அதாவது உன்னை நோக்கி ஓடுகிறது. அதனால் மிஷின் முன்னால் ஓடப் பார்க்கும், பலகை உன் பக்கம் வரப் பார்க்கும். இரண்டில் எது லேசோ அது நகரும். நீ மிஷினை இறுக்கிப் பிடித்திருந்தாய், பலகை ஸ்டூல் மேல் சும்மா கிடந்தது, அது வந்துவிட்டது. ஸ்டூலில் வைத்துச் செய்யாதே. கனமான மேஜை வேண்டும், அது இல்லை என்றால் தரையில் பழைய ரப்பர் பாயை விரித்து மேலே வை. பலகைக்கும் உனக்கும் நடுவே, உன் பக்கத்து முனையில், ஒரு கட்டையை மேஜையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கு. கட்டை பலகையை விட உயரம் குறைவாக இருக்கட்டும், பெல்ட் அதில் இடிக்கக் கூடாது. இரண்டு சி கிளாம்பும் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் கிளாம்ப் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பாதிப் பலகை முடித்துவிட்டு இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

பிடிக்கும் விதம். பின் கைப்பிடியில் வலது கை, முன் குமிழில் இடது கை, இரண்டு கையும் இல்லாமல் மிஷின் ஓடக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும். ஒயரைத் தோளுக்கு மேலே போட்டுப் பின்னால் தொங்கவிடு, இல்லாவிட்டால் மிஷின் தன் ஒயர் மேலேயே ஏறும், நான் அப்படி மூன்று ஒயரை வெட்டியிருக்கிறேன். மிஷினைப் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஓடவிட்டு, முழு வேகம் வந்த பிறகு பின்பக்கத்தை முதலில் தொடவிட்டு, முன்னால் நகர்த்திக்கொண்டே முழுவதும் இறக்கு. இறக்கிய இடத்தில் ஒரு மூச்சு நின்றால்கூடக் குழி விழும், தேக்கில் அந்தக் குழியை எடுக்க மொத்தப் பலகையையும் இறக்க வேண்டும். முடிக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கிவிடு, தூக்கிப் பிடித்தபடியே நிறுத்து, பெல்ட் முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு பக்கவாட்டில் சாய்த்துக் கீழே வை. டிரிகரை விட்ட பிறகும் பெல்ட் சில நொடிகள் ஓடும், பெரும்பாலான அடி அந்த நொடிகளில்தான் படுகிறது.

அழுத்தாதே. ஆறு கிலோ எடையே போதும். அழுத்தினால் பெல்ட் சூடாகும், தேக்கு எண்ணெய் உருகி மணல் அடைத்துக்கொள்ளும், மோட்டாரும் திணறும், உன் கைதான் பாரத்தில் முன்னால் சரியும். வெட்டவில்லை என்றால் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்று.

துணி விஷயத்தைக் கோபித்துக்கொள்ளாதே. துப்பட்டா, நைட்டியின் தொளதொள கை, வளையல், அவிழ்ந்த பின்னல், கழுத்துச் சங்கிலி, எதுவும் மிஷின் பக்கம் வரக் கூடாது. நான் இருபத்தாறு வயதில் கைலியோடு உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன், கைலியின் ஓரத்தை முன் ரோலர் பிடித்து இழுத்தது, மிஷின் தொடைமேல் ஏறி நின்றது. 40 நம்பர் பெல்ட். தோல் போன இடம் ஆற இரண்டு மாதம் ஆனது, இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைக்காது. பட்டறையில் அன்றிலிருந்து யாருக்கும் கைலி கிடையாது. துணிக் கையுறையும் போடாதே, நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். பெல்ட் ரோலரில் நுழைகிற இடம்தான் வாய், அந்தப் பக்கம் விரல் போகவே கூடாது.

அந்த ஐந்து பழைய பெல்ட்டைக் குப்பையில் போடு. பெல்ட்டின் இணைப்பு பசையால் ஒட்டியது, வருஷக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால் அந்தப் பசை விட்டுப்போகும், ஓடும்போது அறுந்து சாட்டை மாதிரி கை மேலே அடிக்கும். புதுசு வாங்கி, உள்பக்கம் இருக்கும் அம்புக்குறியும் மிஷினில் இருக்கும் அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்கும்படி மாட்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டு, இதை இரண்டாவது தடவையும் சொல்கிறேன், பிடுங்கிவிட்டு. மாட்டிய பிறகு பிளக்கைச் சொருகி, மிஷினைத் தலைகீழாகப் பிடித்து டிரிகரை விட்டு விட்டு அழுத்தி, பெல்ட் ஓரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, பக்கத்துக் குமிழைத் திருகி நடுவுக்குக் கொண்டுவா. பெல்ட் ஓரம் பாடியில் உரசினால் பாடியையே அறுத்துவிடும்.

கடைசியாக, ஊஞ்சல் பலகை என்றால் ஆணி இருக்கும். பழுது பார்த்த இடங்களில் பெயின்டுக்கு அடியில் தலை உடைந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றிப் பலகை முழுக்கத் தடவிப் பார். ஆணியில் பட்டால் பெல்ட் கிழியும், அதை விட மோசம், பொறி பறந்து தூசிப் பைக்குள் போகும். மரத்தூள் உடனே எரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருந்து ராத்திரி எரியும். அதனால் வேலை முடிந்ததும் பையை வெளியே கொட்டு, வீட்டுக்குள் தொங்கவிட்டுத் தூங்கப் போகாதே.

நாலுமாடி, இந்திராநகர்

லாக் பட்டனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? வீட்டு வேலைக்கு அது எதற்கு?

பட்டறைக்காரன்

நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டுகிற என் பையன்களுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் விரல் மரத்துப்போய்ப் பிடி தளரும், அதுவும் ஆபத்துதான். வீட்டில் அரை மணி ஓட்டிப் பத்து நிமிடம் ஓய்வெடுக்கிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வது சரி, அந்தப் பெண் லாக்கைத் தொடாமல் ஓட்டட்டும். இன்னொன்று, பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் லாக் வெளியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொருக வேண்டும்.

ஊஞ்சல்பலகை

அண்ணா, கரன்ட்கம்பி தம்பி, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பழைய பெல்ட்டில் ஒன்றை வளைத்துப் பார்த்தேன், இணைப்பில் டேப் பாதி பிரிந்து நிற்கிறது. அதைத்தான் நாளை மாட்டுவதாக இருந்தேன்.

ஒரு சந்தேகம். பால்கனி முழுக்கப் பச்சைப் பொடி படிந்திருக்கிறது, துடைப்பத்தால் கூட்டினால் மறுபடி மேலே எழும்புகிறது. துணி காயப்போட்ட கொடியிலும் இருக்கிறது. இருமலுக்கு என்95 வாங்கினால் போதுமா?

சாயப்பெட்டி, பீன்யா

தயவுசெய்து கூட்டாதீர்கள். மிஷினை இனி அந்தப் பலகை மேல் வைக்கவும் வேண்டாம். நான் பெயின்ட் தர ஆய்வில் பல வருடம் வேலை செய்தவள், உங்கள் முதல் பதிவில் பச்சை என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் இருக்கும், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில் அதிகம் இருக்கும். மஞ்சள் நிறம் தருவது லெட் குரோமேட், அதோடு நீலத்தைக் கலந்துதான் அந்தக் காலத்துப் பச்சை பல இடங்களில் தயாரானது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பலகை உங்கள் சிறுவயதிலேயே பச்சை என்றால், ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். உங்களைக் குறை சொல்லவில்லை, நம் வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பெல்ட் சாண்டர் இதற்கு மிக மோசமான கருவி, ஏனென்றால் அது பெயின்டைச் செதிலாக எடுக்காமல் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்குகிறது. மிஷினோடு வரும் துணிப் பை கரடுமுரடான தூளைத்தான் பிடிக்கும், மெல்லியது துணி வழியே வெளியே வந்துவிடும். சாதாரண வேக்குவம் கிளீனரும் அப்படித்தான், ஒரு பக்கம் உறிஞ்சி மறு பக்கம் ஊதும். மெல்லிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பால்கனிக் கதவை மூடி மகளை உள்ளே வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து தரை, சுவர், கொடி எல்லாவற்றிலும் மெதுவாகத் தெளித்து, பழைய துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியைத் திரும்ப வாளியில் நனைக்காமல் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், அடுத்த துணியை எடுங்கள். மூன்று தடவையாவது செய்ய வேண்டியிருக்கும். கொடியில் இருந்த துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வேலை செய்யும்போது போட்ட உடையோடு மகளைத் தூக்காதீர்கள். அவள் கை, நகக்கண் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், விளையாட்டுச் சாமான்களையும்.

அவள் அந்தத் தூளில் கோலம் போட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள், பெங்களூரில் பெரிய பரிசோதனைக்கூடங்கள் செய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதலில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது. சின்னக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தைப் பெரியவர்களை விடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், மூளை வளரும் வயது வேறு. பயமுறுத்த எழுதவில்லை, ஒரு பரிசோதனையோடு தெளிவாகிவிடும் விஷயம் என்பதால் எழுதுகிறேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையிலிருந்து ஒரு செதில் பெயின்டைக் கத்தியால் எடுத்து, எல்லா அடுக்கும் வரும்படி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குக் கொடுத்தால் ஈயம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். முடிவு வரும்வரை பலகையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள்.

என்95 மரத்தூளுக்குப் போதும், சரியாக மூக்கோடு ஒட்டி இருக்க வேண்டும். ஈயப் பொடிக்கு ரப்பர் அரைமுகக் கவசமும் இரண்டு பக்கம் பி100 என்ற, என்95ஐ விட நுணுக்கமாக வடிகட்டும் ஃபில்டரும் வேண்டும். வெறும் மரத்தூள்தானே என்றும் விடாதீர்கள், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது, மூக்குக்குள்ளும் சைனஸிலும் வருவது. பட்டறைக்காரன் அண்ணா, இது உங்கள் பையன்களுக்கும் சேர்த்துத்தான். கைலி கூடாது என்று சட்டம் போட்டீர்கள், மாஸ்க்குக்கும் ஒன்று போடுங்கள்.

பட்டறைக்காரன்

போடுகிறேன் அம்மா. உண்மையைச் சொன்னால் மாஸ்க் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்ததில்லை, வெயில் நாளில் வேர்க்கிறது என்று கழற்றிவிடுவார்கள், நானும் விட்டுவிடுவேன். இருபது வருஷத்தில் எத்தனை பழைய கதவை இப்படி இழைத்திருப்போம், அதையெல்லாம் கொட்டிய தூளை மறுநாள் கூட்டுகிற பெண்மணி வெறும் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் கூட்டுவார். நாளைக்கே வாங்கி வைக்கிறேன்.

நாலுமாடி

பெயின்ட் ரிமூவர் தடவி எடுத்தால் தூளே வராதே, அதைச் செய்யலாமா?

சாயப்பெட்டி

செய்யலாம், ஆனால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். டைக்ளோரோமீதேன் உள்ள ரிமூவர் வேகமாக வேலை செய்யும், மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே மயக்கிச் சாய்க்கும், சாதாரண நைட்ரைல் கையுறையை நிமிடங்களில் ஊடுருவிவிடும். குளியலறையில் உட்கார்ந்து செய்யவே கூடாது. அது இல்லாத ஜெல் வகைகள் கிடைக்கின்றன, ஒரு ராத்திரி பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். ஈரமாகவே சுரண்டி எடுத்து, அந்தக் கழிவைத் தனிப் பையில் கட்ட வேண்டும், பூந்தொட்டியில் கொட்டக் கூடாது. ஹீட் கன் வைத்துப் புகை வரும் அளவுக்குச் சூடாக்குவதும் வேண்டாம், ஈயம் புகையாக மூக்குக்குள் போகும்.

ஊஞ்சல்பலகை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மகளின் இரத்த அறிக்கை வந்தது, 5க்குக் கீழே இருக்கிறது. மருத்துவர் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கை கைக்கு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. பெயின்ட் செதிலின் முடிவும் வந்தது, ஈயம் 90ஐ எல்லாம் தாண்டி ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சாயப்பெட்டி அக்கா, நீங்கள் எழுதியிராவிட்டால் நான் அடுத்த வாரமும் அதே பால்கனியில் அதே பச்சையைப் பொடியாக்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

பால்கனியை நான்கு தடவை துடைத்தேன். மகளை ஒரு வாரம் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, ஜெல் ரிமூவர் போட்டு, பிளாஸ்டிக் விரிப்பு மேல் வைத்து ஈரமாகச் சுரண்டினேன். மேல்பக்கம் மட்டும் நான்கு நாள் ஆனது. பச்சைக்கு அடியில் வார்னிஷ், அதற்கு அடியில் தேக்கு ரேகை தெரிந்தபோது பாட்டியின் வெற்றிலைப் பெட்டி வைத்த வட்டத் தழும்புகூட அப்படியே இருந்தது. அதை இழைக்கப் போவதில்லை. காந்தம் வைத்துத் தடவியதில் ஏழு ஆணி கிடைத்தது, அதில் இரண்டு நான் முதல் நாள் மிஷின் ஓட்டிய இடத்துக்கு நான்கு விரல்கடை பக்கத்தில் இருந்தது.

பெரிய மிஷினைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு, வேகம் குறைக்கிற சின்ன மூன்று அங்குல மிஷின் வாங்கிக்கொண்டேன். பெயின்ட் முழுக்கப் போய், பலகையைக் கழுவிக் காயவைத்த பிறகு, அடிப்பக்கம் மட்டும் ஓட்டினேன். நியூ டிம்பர் யார்டு லேஅவுட்டில் கிடைத்த துண்டுத் தேக்கில் ஒரு மணி நேரம் பழகிவிட்டுத்தான் பலகைக்கு வந்தேன். கட்டை முடுக்கி, லாக் தொடாமல், ஒயர் தோளில். நடுவில் ஒரு நாள் கரன்ட் போனது. கை தானாகப் பிளக்குக்குப் போனது, அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுருட்டி உள்ளே எடுத்துவைத்தார்.

இனி மேல்பக்கம். 80 நம்பர் பெல்ட் போடலாமா, 120 போடலாமா? வட்டத் தழும்பு நடுவிலேயே இருக்கிறது.

பட்டறைக்காரன்

மேல்பக்கத்துக்கு மிஷினே வேண்டாம்மா. பெயின்ட் போன தேக்குக்கு ஸ்க்ரேப்பர் தகடு ஒன்று போதும், ரேகை போகிற பக்கமாகவே இழு, சுருள் சுருளாக வரும், தூளும் பறக்காது. அப்புறம் ஒரு மட்டக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி முதலில் 120, பிறகு 180. தழும்பைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுவிடு. ஓரத்தைக் கையால் உருட்டி விடு, சின்னக் குழந்தை உட்காரும் பலகை, தொடையில் குத்தக் கூடாது.

எண்ணெய் பூசப் போகிறாய் என்றால், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதே, தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடு, இல்லை, தண்ணீர் வாளியில் முக்கி வை. சங்கிலி மாட்டும் முன்னால் மேல் கொக்கியை யாராவது தெரிந்தவரைக் கூட்டிவந்து காட்டு, வாடகை வீட்டுச் சீலிங்கில் எங்கே கம்பி போகிறது என்று தெரியாமல் ஓட்டை போடாதே.